சட்டையும் ராக்கியும்

கொலைக்குச் சற்று முன்பு மரியா கொரற்றி தைத்துக்கொண்டிருந்தது அலெசாந்த்ரோ செரெனெல்லியின் சட்டையை. 1902 ஜூலை 5 பிற்பகல். எல்லோரும் களத்து வெயிலில் மாடு கட்டிப் பயறு போரடித்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியின் மேல்தட்டில் பதினொரு வயதுச் சிறுமி, கைக்குழந்தைத் தங்கையை அருகில் கிடத்திக்கொண்டு, ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருந்த இளைஞனின் கிழிசலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த இளைஞன்தான் மாட்டுவண்டியை விட்டுவிட்டுப் படியேறி வந்து, வல்லுறவுக்கு முயன்று, அவளைக் குத்தினான். சரியாக நூறாண்டு கழித்து, 2002-இல், இந்தூர்ச் சிறைக்குள் செல்மி பால் என்ற கன்னியர் சென்றார். தம் அக்கா ராணி மரியாவைக் குத்திக் கொன்ற சமுந்தர் சிங்கின் மணிக்கட்டில் ராக்கி கட்டினார். முதல் கதையில் நூல் குற்றத்துக்கு முந்தியது. இரண்டாவதில் பிந்தியது.

இரண்டையும் மறையுரைகளில் தனித்தனியே கேட்டிருப்போம். கொரற்றி என்று பெயர் வைக்கப்பட்ட பெண்கள் நம் பங்குகளில் ஒரு தலைமுறை முழுக்க உண்டு. ராணி மரியாவின் கதையோ, 2017-இல் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டபோது நாளேடுகள் வழியாக வீடுகளுக்கு வந்தது. மறையுரையில் கேட்கும்போது இரண்டும் ஒரே பாடமாகத்தான் ஒலிக்கும்: கொன்றவனைக் கொலையுண்டவளின் வீட்டார் மன்னித்தார்கள். அருகருகே வைத்தால் அந்த ஒரே பாடம் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்தவை எதிர்பாராத இடத்தில் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் பிரிவையும் ஒட்டுதலையும்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தொடங்கும் முன் ஒரு சிக்கல். குத்தூசியோடு படியேறியவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 1970-இல், எண்பத்தேழாம் வயதில், கப்புச்சின் மடத்தில் கண்மூடிய முதியவரை ‘அவன்’ என்று எழுதவும் கை வரவில்லை. இடையில் எங்கோ விகுதி மாறியாக வேண்டும். எந்த வரியில் என்பது இலக்கணக் கேள்வி அல்ல. அதைக் கடைசியில் பார்ப்போம்.

தற்செயல் ஒற்றுமைகளைச் சொல்லிக் கடந்துவிடலாம். இரண்டு தாக்குதல்களும் சனிக்கிழமையில் நடந்தன. கொரற்றியின் உடலில் 14 குத்துகள். ராணி மரியாவின் உடலில் எண்ணப்பட்டவை 40 பெருங்காயங்களும் 14 சிறுகாயங்களும். எண்களில் செய்தி தேடுபவன் அல்ல நான். ஆனாலும் அந்தப் பதினான்கைக் கண்டபோது ஒரு கணம் நின்றேன். அலெசாந்த்ரோ என்ற பெயருக்குக் கிரேக்க மூலத்தில் மனிதரைக் காப்பவன் என்று பொருள். ராக்கி கட்டப்பட்ட ஆண் ஏற்றுக்கொள்ளும் கடமையும் காப்பதுதான். ஒருவன் பிறந்தபோதே பெற்ற பொறுப்பை மற்றவன் கொலைக்குப் பிறகு பெற்றான்.

இனி, தற்செயல் என்று ஒதுக்க முடியாத ஒற்றுமை: நிலம். கொரற்றி குடும்பம் கொரினால்தோ என்ற மலையூரிலிருந்து பிழைப்புத் தேடி ரோமுக்குத் தெற்கே பொந்தினச் சதுப்புநிலத்துக்கு வந்த வாரக்குடி. நிலம் மாத்சொலேனி கோமகனுடையது. வந்த இடத்தில் மலேரியா 1900-இல் தந்தை லூயிஜியைக் கொண்டுபோயிற்று. கணவன் இருந்த இடத்தில் தாய் அசுந்தா வயலுக்கு இறங்கினார். தாய் இருந்த இடத்தில் மரியா அடுப்படிக்கு வந்தாள். அதே கூரையின்கீழ் செரெனெல்லி தந்தையும் மகனும். அவர்களை நம்பியே விளைச்சல், விளைச்சலை நம்பியே உணவு. மகளை அச்சுறுத்தும் வீட்டைவிட்டு வெளியேற வழியில்லாத வறுமை அது.

உதய்நகரில் வறுமை வேறு உடுப்பில் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்துப் பழங்குடி உழவர்கள் விதைக்கும் விருந்துக்கும் மருந்துக்கும் வட்டிக்கு வாங்கி, அறுவடையை அப்படியே களத்தில் அளந்து கொடுத்துவிட்டுத் திரும்பும் நிலையில் இருந்தார்கள். கேரளத்துப் புல்லுவழியில் பிறந்து பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்த ராணி மரியா 1992-இல் அங்கே வந்தார். வங்கிக் கடன் வாங்கும் வழியையும் அரசுத் திட்டங்களைக் கேட்டுப் பெறும் உரிமையையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வட்டிக்கு விடுபவனுக்கு இதைவிடப் பெரிய பகை ஏது? 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் செல்லும் பேருந்தில், பயணிகள் பார்த்திருக்க, கத்தி உருவப்பட்டது. பிடித்தவன் சமுந்தர் சிங். பிடிக்கச் சொன்னவர்கள் வட்டியாலும் நிலத்தாலும் வாழ்ந்தவர்கள் என்பதே திரு அவை பதிவுசெய்திருக்கும் வரலாறு.

ஆக, ஒரு வீட்டில் வறுமை காரணமாக ஒரு சிறுமி ஆபத்தோடு சேர்ந்து வாழ நேர்ந்தது. ஒரு வட்டாரத்தில் கடனை அவிழ்க்க முயன்றதால் ஒரு பெண் ஆபத்தைத் தேடிச் செல்ல நேர்ந்தது. இங்கே ஒரு சொல் என் கவனத்தை இழுக்கிறது. இயேசு கற்பித்த செபத்தில் மன்னிப்புக் கேட்கும் வரியில், மத்தேயுவின் கிரேக்கப் பாடத்தில் இருப்பது ‘கடன்’. தமிழில் சீர்திருத்தச் சபையாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் கடன் என்றே இருக்கிறது. கத்தோலிக்கர் குற்றம் என்கிறோம். அசுந்தா இத்தாலியத்தில் சொல்லியிருக்கக்கூடிய செபத்திலும் இலத்தீனிலும் இருப்பது கடன்தான். புல்லுவழி வட்டாலில் வீட்டாரின் சீரோ மலபார் வழிபாட்டு மலையாளத்திலோ கடன், பாவம் என்று இரண்டு சொற்களும் சேர்ந்தே வருகின்றன. இரு தாய்களும் வாழ்நாள் முழுக்க மன்னிப்பைக் கணக்குத் தீர்க்கும் சொல்லால் வேண்டியவர்கள். அந்தச் சொல் ஒருநாள் வீட்டுக் கதவைத் தட்டிக் கணக்குக் கேட்கும் என்று இருவருமே எண்ணியிருக்க மாட்டார்கள்.

இப்போது பிரிவுக்கு வருவோம். நெத்தூனோ மருத்துவமனையில் மரியா ஒருநாள் உயிரோடிருந்தாள். பங்குக்குரு அவளிடம், சிலுவையில் தொங்கிய இயேசுவை நினைவூட்டி, கொன்றவனை மன்னிக்கிறாயா என்று கேட்டார். மன்னிப்பதாகச் சொன்னாள், அவன் தன்னோடு விண்ணகத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அடுத்த வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். விட்டுவிடுகிறேன் என்பது ஒன்று. பக்கத்தில் வேண்டும் என்பது வேறு. முதலாவதைப் பெருந்தன்மை என்று சொல்லலாம். இரண்டாவதற்கு அருள் என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ராணி மரியாவுக்கு அந்த ஒருநாள் கிடைக்கவில்லை. இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே சாலையோரம் உயிர் பிரிந்தது என்பது நேரில் கண்டவர்கள் சொன்னது. கொன்றவனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லிச் செல்லவில்லை.

இந்த வேறுபாடு சிறிதல்ல. அசுந்தா பெற்றது ஓர் உயில். சிறையிலிருந்து விடுதலையாகி வந்த அலெசாந்த்ரோ, ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய மாலையில் கொரினால்தோவுக்கு வந்து, பங்குக்குருவின் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்த அந்தத் தாயின் முன் மண்டியிட்டான். அவள் மன்னித்திருக்கும்போது நான் எப்படி மறுப்பேன் என்ற பொருள்பட அசுந்தா சொன்னதாகப் பதிவு. அதைக் கேட்டவுடன் நெகிழ்கிறோம். ஆனால் அந்தப் பதிலின் கட்டமைப்பைப் பாருங்கள். இறந்த மகளின் சொல்லை உயிரோடிருக்கும் தாய் நிறைவேற்றுகிறார். மறுத்திருந்தால் மகளின் கடைசி ஆசையை மறுத்தவர் ஆகியிருப்பார். மன்னிப்பு அங்கே ஒரு மரபுச்சொத்து. அதை வாங்கிக்கொள்ளவும் வலிமை வேண்டும்தான்.

புல்லுவழிக்கு உயில் வரவில்லை. செல்மி பாலும் தாய் எலீஸ்வாவும் தந்தை பைலியும் இல்லாத சொல்லை நிரப்ப வேண்டியிருந்தது. அதோடு ஒரு கடினமான கேள்வியும் எழுந்தது. பாதிக்கப்பட்டவரே மன்னிக்க முடியும் என்றால், இறந்தவருக்காக இன்னொருவர் மன்னிக்கலாமா? அக்காவின் 54 காயங்களைத் தங்கை எந்த உரிமையில் விட்டுக்கொடுப்பது? இந்தக் கேள்வியை எழுப்பும் அறவியலாரை நான் மதிக்கிறேன். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ராக்கியை மறுபடி நினைத்துப் பார்த்தபோதுதான் அந்தக் குடும்பம் கண்ட விடை எனக்குப் புலப்பட்டது. செல்மி அக்காவின் காயங்களை மன்னிக்கவில்லை. அவை அவருடையவை அல்ல. தமக்கு நேர்ந்த இழப்பை எடுத்தார். அக்காவைப் பறித்தவன் கையிலேயே, இனி நீ என் சகோதரன், உடன்பிறப்பு ஒன்று குறைந்த இடத்தில் நீ வந்து நில் என்று கட்டினார். கொடுக்கத் தமக்கு உரிமையுள்ள ஒன்றை மட்டுமே கொடுத்தார். அறவியலாரின் எல்லைக்கோட்டை அவர் தாண்டவே இல்லை. ஆனாலும் அந்தக் கோட்டுக்குள் அவ்வளவு இடம் இருப்பதை அதற்குமுன் யாரும் கவனித்திருக்கவில்லை.

இன்னொரு வேறுபாடும் இதோடு சேர்ந்தே வருகிறது. அசுந்தாவும் அலெசாந்த்ரோவும் ஒரே மொழியும் ஒரே கோவிலும் உடையவர்கள். மறுநாள் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியில் கொன்றவனும் தாயும் சேர்ந்து நற்கருணை பெற்றார்கள். ஊரார் அதைப் பார்த்தார்கள், விளக்கம் தேவைப்படவில்லை. அப்பம் என்ன சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தூர்ச் சிறையில் அப்படிப் பொதுவான பந்தி கிடையாது. பொதுவானதைத் தேடி மலையாளக் கன்னியர் தம் சடங்குகளைவிட்டு வெளியே வந்து, கொன்றவன் வீட்டுத் திருநாளை எடுத்துக்கொண்டார். ராக்கி வட இந்திய இந்துக் குடும்பத்தின் கயிறு; புல்லுவழி மரபில் அது இல்லை. அருள், பெறுகிறவனின் தாய்மொழியில் பேசிற்று. கொரினால்தோவில் குற்றவாளி வீட்டுக்குத் திரும்பி வந்தான். இந்தூரில் வீடு குற்றவாளியைத் தேடிச் சென்றது.

ஆனால் இவ்வளவு விலகிய இரண்டும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன: உடல். எலீஸ்வா சமுந்தர் சிங்கைச் சந்தித்தபோது அவன் கைகளை எடுத்து முத்தமிட்டார். தம் மகளின் இரத்தம் பட்ட கைகள் என்பதே அவர் சொன்ன காரணம். ஒரு தாயின் தருக்கம் இது. மறையியல் நூல்களில் இதைத் தேடினால் கிடைக்காது. புனிதர்களின் எலும்பையும் துணியையும் திருப்பண்டமாகப் போற்றும் மரபில் வளர்ந்தவர், மகளின் கடைசித் திருப்பண்டம் இந்த விரல்களில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டார். மணிக்கட்டில் கயிறு, விரல்களில் முத்தம். கொரினால்தோவில் நீட்டிய நாவில் அப்பம். இரண்டு குடும்பமுமே மன்னித்தேன் என்ற வினைச்சொல்லோடு நிறுத்தவில்லை. உடல் செய்த தீங்குக்கு உடலால்தான் விடை சொன்னார்கள். நம் பழைய கத்தோலிக்கத் தமிழில் பாவப்பொறுத்தல் என்பார்கள். பொறுத்தல் என்பது தாங்குவதும்தான். பாரம் யாராவது ஒருவரின் தோளில் இறங்கியாக வேண்டும் என்று அந்தச் சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது.

மனமாற்றத்தின் வரிசையையும் ஒப்பிட்டாக வேண்டும். மனம் வருந்தினால் மன்னிப்பு என்பதே உலகியல் முறை. நீதிமன்றமும் பள்ளிக்கூடமும் அப்படித்தான் நடக்கின்றன. சிசிலியத் தீவின் நோத்தோ சிறையில் அலெசாந்த்ரோ முதல் சில ஆண்டுகள் முரடனாகவே இருந்தான். பிறகு ஒரு கனவு. தோட்டத்தில் மரியா வெண்ணிற மலர்களைப் பறித்து ஒவ்வொன்றாக அவனிடம் கொடுத்தாள் என்று சொன்னான். அதன்பிறகே தன்னைப் பார்க்க வந்திருந்த நோத்தோ ஆயர் பிளாந்தினிக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினான். மன்னிப்பு 1902-இல், வருத்தம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. இந்தூரிலும் வரிசை ஏறக்குறைய இதுவே. ஏவியவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்ற கோபத்தில் அவர்களையும் தீர்த்துவிடும் எண்ணத்தோடு உள்ளே இருந்ததாகச் சமுந்தர் சிங்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காவியுடுத்தி வாழ்ந்த கத்தோலிக்கக் குரு சுவாமி சதானந்த் அவரைச் சிறையில் தேடிச் சென்று, மன்னிப்பு வெளியே காத்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கோபத்தைக் கரைத்தார். அங்கே கனவில் பூ, இங்கே நேரில் துறவி. இரண்டிலும் வருத்தம் மன்னிப்பை விலைக்கு வாங்கவில்லை. மன்னிப்பு முன்னே போய் வருத்தத்தை அழைத்து வந்தது.

சட்டத்தின் பங்கை மறந்துவிடக் கூடாது. 1890 முதல் நடைமுறையில் இருந்த இத்தாலியத் தண்டனைச் சட்டம் மரண தண்டனையை நீக்கியிருந்தது. 21 வயது நிறையாததால் அலெசாந்த்ரோவுக்கு ஆயுள் தண்டனையும் இல்லாமல் 30 ஆண்டு கிடைத்தது. அதில் 27 ஆண்டை உள்ளே கழித்து 1929-இல் வெளிவந்தான். சமுந்தர் சிங்குக்கு விதிக்கப்பட்டது ஆயுள் தண்டனை; கொலையுண்டவரின் குடும்பமும் சபையும் விடுவிக்கக் கோரி மனுக் கொடுத்ததால் 11 ஆண்டில், 2006-இல், கதவு திறந்தது. முன்னதில் மன்னிப்பு தண்டனையின் நீளத்தைத் தொடவே இல்லை. பின்னதில் தண்டனையைப் பாதியில் நிறுத்தச் சொல்லிக் கேட்டது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வரமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லலாம்: தூக்குக் கயிறு இரண்டு கதைகளிலும் இல்லை. இருந்திருந்தால் கிறிஸ்து பிறப்பு நாளும் ராக்கியும் இருந்திருக்காது.

மகிழ்ச்சியாக ஒப்பிட்டுக்கொண்டே போகையில் இரண்டு இடங்களில் கால் இடறுகிறது. கொரற்றி கதையைக் கற்புப் பாடமாக்கிப் பெண்பிள்ளைகளின் தலையில் ஏற்றிய மறையுரைகள் எத்தனையோ. உயிரைவிட உடல்தூய்மை பெரிது என்று கேட்டு வளர்ந்த பெண், தனக்கு நேர்ந்த கொடுமைக்குத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ள நேர்ந்ததும் உண்டு. வல்லுறவுக்கு முயன்றவனின் வெட்கத்தை அந்தப் பாடம் சிறுமியின் பக்கம் தள்ளிவிட்டது. ராணி மரியா கதையில் இடறல் வேறு. ஏவப்பட்ட கை மன்னிக்கப்பட்டது. அந்தக் காட்சியின் ஒளியில் ஏவிய கைகள் நிழலுக்குள் போய்விட்டன. வட்டிக் கணக்கு நோட்டு மன்னிப்புக் கேட்டு யார் காலிலும் விழவில்லை. ஒரு கதையில் பாதிக்கப்பட்டவள்மேல் கூடுதல் சுமை. மற்றதில் குற்றவாளிகள் சிலர்மேல் சுமையே இல்லை. அருளைப் பற்றிப் பேசுபவர்கள் இவ்விரண்டையும் தாண்டிக் குதித்துவிட முடியாது.

பின்னாட்கள் மறுபடி ஒன்றுபோலவே ஓடுகின்றன. அலெசாந்த்ரோ கப்புச்சின் மடங்களில் தோட்டவேலை செய்து மாச்செராத்தாவில் இறந்தார். சமுந்தர் சிங் விடுதலைக்குப் பிறகு உழவுக்குத் திரும்பினார். புல்லுவழிக்கும் போனார், உதய்நகர்க் கல்லறைக்கும் வந்துபோனார். கப்புச்சின் சபையும் கிளாரிஸ்ட் சபையும் அசிசி பிரான்சிசின் கிளைகள் என்பதால், இருவரும் ஏதோ ஒருவகையில் ஒரே குடும்பத்தின் வாசலில்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1950 ஜூன் 24 அன்று பன்னிரண்டாம் பயஸ் கொரற்றியைப் புனிதராக அறிவித்தபோது, கூட்டம் தாங்காமல் பேதுரு சதுக்கத்தின் திறந்தவெளியில் விழா நடந்தது. தாய் அசுந்தா உடனிருந்து பார்த்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளரானபோது கூட்டத்தில் சமுந்தர் சிங்கும் இருந்தார். சதுப்புநிலத்துக் கதையை அகுஸ்தோ ஜெனீனா 1949-இல் படமாக எடுத்தார். உதய்நகர்க் கதையை ‘கொலைகாரனின் இதயம்’ என்று பொருள்படும் பெயரில் ஆவணப்படமாக எடுத்தவர் கேத்தரின் மெக்கில்வ்ரே.

விகுதிக்குத் திரும்புவோம். மேலே ஏறிப் பார்த்தால், நான் அறியாமலே என் கை செய்திருப்பது தெரிகிறது. சமுந்தர் சிங்கை, தன் கோபத்தைத் தானே வெளியில் சொல்லிய வரியிலிருந்து ‘அவர்’ என்று எழுதியிருக்கிறேன். அலெசாந்த்ரோவைச் சிறைவாசலைத் தாண்டிய பிறகும் ‘அவன்’ என்றே விட்டு, மடத்துத் தோட்டத்துக்குப் போன பிறகுதான் மாற்றியிருக்கிறேன். இருவரிடமும் வருத்தத்தை முதலில் வாங்கிக்கொண்டு மரியாதையைக் கொடுத்திருக்கிறது என் தமிழ். மரியா கொரற்றி அப்படிக் காத்திருக்கவில்லை. அவள் விண்ணகத்தில் இடம் கேட்டபோது அலெசாந்த்ரோ விலங்கோடு, கொஞ்சமும் வருந்தாமல் இருந்தான்.

இருந்தார் என்று எழுதிப் பார்க்கிறேன். இன்னும் கை கூசுகிறது.